ஸ்டீல் ரிம்மா, அலாய் வீலா? மிச்சமாகும் காசை எங்கே போடுவது?

1/ அக்டோபர் பாதி தாண்டினா போதும், கனடாவில் இருக்கும் நம்ம ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி தவறாமல் வந்துடும்: "வின்டருக்கு ஸ்டீல் ரிம் வாங்கவா, அலாய் வீல் வாங்கவா?" ஓண்டாரியோவில் எமர்ஜென்சி டாக்டராக இருப்பதால் இதில் எனக்கும் ஒரு கருத்து இருக்கு. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையாகப் படிங்க, குறிப்பா இந்த வருஷம்தான் முதல் பனிக்காலம் என்றால்.

2/ பதிலை முதலிலேயே சொல்லிடறேன். பெரும்பாலான குடும்பங்களுக்கு, பெரும்பாலான கார்களுக்கு, சாதாரண கறுப்பு ஸ்டீல் ரிம் போதும். அதில் மிச்சமாகும் பணத்தை நல்ல வின்டர் டயரில் போடுங்க. அலாய் வாங்க சில நியாயமான காரணங்கள் உண்டு, அதையும் சொல்றேன். ஆனா "அலாய்தான் பாதுகாப்பு" என்பது அந்தக் காரணங்களில் ஒன்று இல்லை.

3/ டாக்டருக்கு இதில் என்ன வேலைன்னு கேட்பீங்க. ஒரு கணக்கு பாருங்க. பனி படிந்த ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு கார் பிரேக் அடித்து 40 மீட்டரில் நிற்குது. பிடிமானம் குறைந்த டயர் போட்ட இன்னொரு கார், அதே வேகத்தில், 50 மீட்டரில் நிற்குதுன்னு வெச்சுக்குவோம். முதல் கார் நின்ற இடத்தை இரண்டாவது கார் தாண்டும்போது அதன் வேகம் எவ்வளவு இருக்கும்?

4/ "கிட்டத்தட்ட நின்றிருக்கும், 5 இருக்கலாம்" என்றுதான் எல்லாரும் நினைப்போம். சரியான விடை 22 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கத்தோடு ஆற்றல் கூடுவதால், பிரேக் அடித்த பிறகு வேகத்தின் கணிசமான பகுதி கடைசி சில மீட்டரில்தான் குறையும். அந்த 10 மீட்டருக்குள் சாலையைக் கடக்கும் ஒரு பாட்டி இருந்தால், 22 கிலோமீட்டர் வேகம் இடுப்பெலும்பை உடைக்கப் போதும். அந்த வயதில் இடுப்பு உடைந்தவர்களில் சிலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை.

5/ அந்த 10 மீட்டரைத் தீர்மானிப்பது எது? டயரின் ரப்பர் கலவையும் அதில் இருக்கும் மெல்லிய வெட்டுக் கோடுகளும். வெயிலுக்கான ரப்பர் குளிரில் இறுகிப்போகும். ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் வின்டர் டயருக்கு மாறச் சொல்வது அதனால்தான். பனி விழணும்னு அவசியமே இல்லை. காய்ந்த ரோட்டிலும் குளிர் தன் வேலையைக் காட்டும். இதில் ரிம் எந்த உலோகம் என்பதற்கு ஏறக்குறைய எந்தப் பங்கும் இல்லை.

6/ டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும், அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்திருக்கான்னு பாருங்க. அதுதான் பனிச் சோதனையில் தேறிய டயருக்கான அடையாளம். வெறும் "எம் ப்ளஸ் எஸ்" எழுத்து மட்டும் இருந்தால் அது அந்தச் சோதனையில் தேறியதுக்கு அத்தாட்சி ஆகாது. பல ஆல்-சீசன் டயர்களிலேயே அந்த எழுத்து இருக்கும்.

7/ கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில் அக்டோபர் 1 முதல் கட்டாயம், அங்கே எம் ப்ளஸ் எஸ் டயரையும் ஏற்கிறார்கள். ஓண்டாரியோவில் கட்டாயம் இல்லை. அதனால்தான் இங்கே "இந்த வருஷம் ஓட்டிப் பார்ப்போம்" என்ற எண்ணம் வருது. போலீஸ் பிடிக்காது என்பது சரி. பனிக்கட்டிக்கு அந்தச் சட்டம் தெரியாதே.

8/ இப்ப பிரச்சினைக்கு வர்றேன். புதுசா வந்தவங்க கையில் இருப்பது அளவான பணம். பளபளன்னு நாலு அலாய் வீலைப் பார்த்து ஆசைப்பட்டு பட்ஜெட்டில் பாதியை அதில் விட்டுட்டு, டயரை "பழசு ஏதாவது கிடைக்குமா"ன்னு தேடறாங்க. இது மருந்தின் அட்டைப் பெட்டிக்குக் காசு கொடுத்துட்டு, மாத்திரையைக் காலாவதியானதா வாங்குற மாதிரி.

9/ ஸ்டீலுக்கும் அலாய்க்கும் உண்மையான வித்தியாசம் என்னன்னு ஒவ்வொன்றா பார்ப்போம். முதலில் எடை. ஒரே அளவில் ஸ்டீல் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோ கூடுதலா இருக்கும். நாலு வீலுக்கும் சேர்த்தால் ஒரு பள்ளிக்கூடப் பை அளவு. 1,500 கிலோ காரில் அதை நீங்க உணர்ந்தால் ஆச்சரியம். "ஸ்டீல் கனம், அதனால பனியில் நல்லாப் பிடிக்கும்" என்று சிலர் சொல்வதற்கும் இதே பதில்தான். அந்த எடை பிடிமானத்துக்கும் உதவாது, பெரிசா கெடுக்கவும் செய்யாது.

10/ அடுத்தது பள்ளம். விரிசலில் இறங்கும் தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். பகலில் உருகி, இரவில் உறைந்து, மறுபடி உருகி ரோடு பெயர்ந்து வரும். பிப்ரவரி, மார்ச்சில் ஓட்டியவங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு பள்ளத்தில் வேகமா இறங்கினால் ஸ்டீல் ரிம் பெரும்பாலும் நெளியும். வார்ப்பு அலாய் விரிசல் விடலாம், ஓரம் உடையவும் செய்யலாம். லேசா நெளிந்த ஸ்டீலைச் சில சமயம் நிமிர்த்தலாம், இல்லைன்னா குறைந்த செலவில் மாற்றலாம். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வெச்சு ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

11/ மூன்றாவது உப்பு. பனியை உருக்க ரோட்டில் கொட்டும் உப்பு எல்லா உலோகத்தையும் தின்னும். ஸ்டீலில் பெயின்ட் பெயர்ந்தால் செந்துரு பிடிக்கும். பார்க்க அசிங்கம், ஆனா பல வருஷம் தாங்கும். அலாயில் மேல்பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் உப்பு உள்ளே போய்ப் பூச்சைக் கொப்புளம் கொப்புளமா தூக்கி, வெள்ளைப் பொடி பூக்க வைக்கும். டயர் உட்காரும் விளிம்பில் அது வந்தால் காற்று மெதுவா கசியும். ஸ்டீலில் துரு முற்றினாலும் அதே கசிவு வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

12/ இன்னொன்று: அலுமினிய வீலும் இரும்பு ஹப்பும் உப்புத் தண்ணீரில் நனைந்தபடி மாசக்கணக்கில் ஒட்டிக்கிடந்தால், ஒன்றை ஒன்று அரித்து இறுகிவிடும். வசந்தத்தில் நட்டைக் கழற்றின பிறகும் வீல் வராது. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷால் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. ஸ்டீலுக்கும் இது நல்லதுதான். துருவும் அழுக்கும் இடையில் இருந்தால் வீல் சரியாகப் படியாது, நட் பிறகு தளரும்.

13/ ரிம் விஷயத்தில் உலோகத்தை விட அளவு முக்கியம். 18 அங்குல வீல் உள்ள கார்களுக்குப் பனிக்காலத்தில் ஓரிரு அங்குலம் குறைப்பது நல்ல வழி. உதாரணமா 235/40ஆர்18 டயரின் பக்கச்சுவர் 94 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட அதே மொத்த உயரம் வரும் 215/55ஆர்16 டயரில் அது 118 மில்லிமீட்டர். கூடுதலா 24 மில்லிமீட்டர் ரப்பர் பள்ளத்தின் அடியை வாங்கிக்கும். டயரும் ஒடுக்கம், அதனால பனியைக் கிழித்துக்கொண்டு போகும். சின்ன டயர் விலையும் பொதுவாகக் குறைவு.

14/ ஆனா சின்ன ரிம் உங்க காரின் பிரேக் மேல் இடிக்காமல் உட்காருமான்னு முதலில் பார்க்கணும். இங்கேதான் அலாய்க்கு முதல் நியாயமான காரணம் வருது. பெரிய பிரேக் உள்ள கார்கள், சில சொகுசு ரகங்கள், சில எலெக்ட்ரிக் கார்கள் இவற்றுக்குப் பொருந்தும் ஸ்டீல் ரிம்மே கிடைக்காமல் போகலாம். அப்ப அலாய்தான் வழி. எலெக்ட்ரிக் கார் கனமானது, அதனால ரிம்மும் டயரும் தாங்கும் எடையளவு சரியா இருக்கான்னும் பார்த்து வாங்குங்க.

15/ இரண்டாவது நியாயம்: உங்க கார் மாடலுக்கே வந்த கம்பெனி அலாய் செட், நெளியாமல், விரிசல் இல்லாமல், செகண்ட் ஹேண்டில் ஸ்டீல் விலைக்கே கிடைக்குது. தாராளமா வாங்கலாம். மூன்றாவது: காசு பிரச்சினை இல்லை, அழகு பிடிக்கும். அதுவும் தப்பே இல்லை. நல்ல வின்டர் டயருக்கான பணத்தைத் தனியே எடுத்து வெச்ச பிறகு மிச்சத்தில் வாங்குங்க.

16/ "இருக்கிற ரிம்மிலேயே டயரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக்கலாமே?" போடலாம். ஆனா வருஷத்துக்கு இரண்டு முறை கழற்றி, மாட்டி, பேலன்ஸ் பண்ணக் கூலி கூடுதல். டயர் விளிம்பும் ஒவ்வொரு முறையும் அடி வாங்கும். வின்டர் டயர் நாலைந்து பனிக்காலம் வரும்னா, தனி ஸ்டீல் ரிம்முக்குப் போட்ட பணத்தில் பெரும்பகுதி அந்தக் கூலியிலேயே திரும்பிவிடும். காரோடு வந்த நல்ல அலாயும் உப்பிலிருந்து தப்பிக்கும்.

17/ இனி வரும் பதிவுகள்தான் உயிர் சம்பந்தப்பட்டவை. ஸ்டீலோ அலாயோ, வீல் கழன்று போகக்கூடாது. 20 கிலோ எடையுள்ள வீல் 100 கிலோமீட்டர் வேகத்தில் கழன்று ஓடினால், அதன் ஆற்றல் 80 கிலோ மனுஷன் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அது எதிர்த் திசையில் வரும் காரின் கண்ணாடியில் வந்து விழுந்தால் எமர்ஜென்சியில் நாங்க செய்ய மிச்சம் அதிகம் இருக்காது.

18/ முதல் ஆபத்து: தப்பான நட். லக் நட்டின் அடிப்பகுதி கூம்பு, உருண்டை, தட்டை என்று மூன்று விதமா வரும். ஹோண்டாவின் கம்பெனி வீல்களுக்கு உருண்டை அடி. வெளியில் வாங்கும் வீல்கள் பெரும்பாலும் கூம்பு அடி. டொயோட்டாவின் பல அலாய்களுக்கு வாஷரோடு தட்டை அடி, அதே காரின் ஸ்டீல் ரிம்முக்குக் கூம்பு. மரை ஒன்றே என்பதால் தப்பான நட்டும் உள்ளே போகும், இறுகின மாதிரியும் இருக்கும். ஆனா சரியாகப் படியாது. புது ரிம் வாங்கும்போது "இதுக்கு எந்த நட்?"னு கேட்டே ஆகணும்.

19/ இரண்டாவது: நடுத் துளை. வெளிச்சந்தை வீல்களில் நடுத் துளை பல கார்களுக்கும் பொருந்தும்படி பெரிசா இருக்கும். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போடணும். அது இல்லாமல் மாட்டினால் வீல் நடுவில் உட்காராமல், வேகம் கூடும்போது ஸ்டியரிங் அதிரலாம். சில டாலர் சமாச்சாரம், கடையில் கேட்டு வாங்கிக்குங்க.

20/ மூன்றாவது, எல்லாத்தையும் விட முக்கியம்: இறுக்கும் அளவு. ஒவ்வொரு காருக்கும் ஒரு கணக்கு உண்டு. பல ஹோண்டா கார்களுக்கு 80 ஃபுட் பவுண்ட், பல டொயோட்டா கார்களுக்கு 76. உங்க காரின் கையேட்டில் இருக்கும். காலால் மிதித்து இறுக்குவது ஆபத்து, ஆணி மரை நீண்டு உடையலாம். டார்க் ரெஞ்சால் நட்சத்திர வரிசையில் எதிரெதிராக இறுக்கணும்.

21/ மாட்டின பிறகு 80 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி இறுக்கம் பார்க்கணும். கடை ரசீதிலேயே இது அச்சடிச்சிருக்கும், நாமதான் படிக்கிறதில்லை. புது ரிம்மில் பெயின்ட் அழுந்தி நட் தளரும் வாய்ப்பு உண்டு, ஸ்டீலானாலும் அலாயானாலும். கடைகள் பெரும்பாலும் இதை இலவசமா செய்து கொடுக்கும். இந்த இழையிலிருந்து ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வெச்சுக்க முடியும்னா, இதை வெச்சுக்குங்க.

22/ ஓட்டும்போது ஒரு பக்கம் "டக் டக்"னு சத்தம், வேகத்தோடு கூடும் அதிர்வு, ஸ்டியரிங் ஆட்டம் இருந்தால் அடுத்த எக்ஸிட் வரைக்கும் பார்ப்போம்னு இருக்காதீங்க. மெதுவா ஓரம்கட்டி நிறுத்துங்க. பெரிய பனிப்பொழிவுக்குப் பிறகு ரிம்முக்குள் பனி உறைந்து ஒரு பக்கமா ஒட்டிக்கிடந்தாலும் அதிர்வு வரும், இது இரண்டு வகை ரிம்மிலும் நடக்கும். நிறுத்திச் சுரண்டி எடுங்க. அதன் பிறகும் அதிர்ந்தால் நட்டைப் பாருங்க.

23/ காற்றழுத்தம். வெப்பம் 5, 6 டிகிரி குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. குறையும். 20 டிகிரி உள்ள கராஜில் 32 வெச்சுட்டு மைனஸ் 20-இல் போனால் 25, 26-தான் இருக்கும். வின்டர் செட்டில் சென்சார் இல்லைன்னா டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு முழுப் பனிக்காலமும் எரியும், உண்மையில் காற்று இறங்கினாலும் தெரியாது. சென்சார் போடாமல் பணம் மிச்சம் பிடிப்பவங்க மாசம் ஒரு முறையாவது கேஜ் வெச்சு அளக்கணும். சரியான அளவு டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும்.

24/ நீங்களே மாட்டறீங்களா? டயரோடு சேர்த்து ஒரு வீல் 20 கிலோ பக்கம் வரும். முதுகை வளைத்துத் தூக்கித் திருப்பினால் டிஸ்க் விலகும். வீலை உருட்டிக்கொண்டு வந்து, உட்கார்ந்து, கால் பாதத்தால் நெம்பி ஏற்றுங்க. வெறும் ஜாக்கை நம்பிக் காருக்கு அடியில் கையோ காலோ விடாதீங்க, ஸ்டாண்ட் போடுங்க. சரிவான இடத்தில் வேண்டவே வேண்டாம்.

25/ 45 வயதைத் தாண்டியவங்க, சர்க்கரை, பிரஷர், புகைப் பழக்கம் உள்ளவங்க, இதய நோய் உள்ளவங்க: கடும் குளிரில் திடீர்னு பளு தூக்குவது இதயத்துக்கு இரட்டைச் சுமை. குளிர் ரத்தக்குழாயைச் சுருக்கும், பளு ரத்த அழுத்தத்தை ஏற்றும். நெஞ்சு அழுத்தம், இடது கை அல்லது தாடை வலி, மூச்சிரைப்பு, குளிர் வியர்வை வந்தால் "இந்த ஒரு நட்டை முடிச்சுட்டு" என்று நிற்காதீங்க. உட்காருங்க, 911 அழையுங்க. மாட்டக் கடையில் கொடுக்கும் காசு இங்கே வைத்தியச் செலவு மாதிரிதான்.

26/ பழைய டயர் வாங்கினால் பக்கவாட்டில் "டாட்" எழுத்துகளின் முடிவில் நாலு இலக்கம் பாருங்க. 3521 என்றால் 2021-ஆம் வருஷத்தின் 35-ஆவது வாரத்தில் தயாரானது. பள்ளத்தின் ஆழத்தையும் அளங்க. 4 மில்லிமீட்டருக்குப் பக்கம் தேய்ந்த டயரைப் பனி ரோட்டில் பயன்படுத்த வேண்டாம் என்பது கனடா போக்குவரத்துத் துறையின் அறிவுரை. ரிம்மைப் பழசா வாங்குங்க, டயரை முடிந்தவரை புதுசா வாங்குங்க.

27/ "முன்னாடி இரண்டு மட்டும் போட்டா போதுமா?" போதாது. முன்சக்கரம் பிடித்து, பின்சக்கரம் வழுக்கினால் வளைவில் கார் பம்பரம் மாதிரி சுற்றும். நாலும் ஒரே மாதிரி இருக்கணும். இரண்டு டயரும் இரண்டு அலாயும் வாங்கும் பணத்தில் பல நேரம் நாலு டயரும் நாலு ஸ்டீலும் வராட்டியும், கிட்ட வரும். கணக்கு போட்டுப் பாருங்க.

28/ அபார்ட்மென்ட், டயர் வைக்க இடம் இல்லை, ஓட்டுவதோ டொராண்டோவுக்குள் மட்டும். அப்படின்னா இரண்டாவது செட் ரிம்மே வேண்டாம். மலைப் பனித்துகள் அடையாளம் உள்ள "ஆல்-வெதர்" டயரை இருக்கிற ரிம்மிலேயே வருஷம் முழுக்க ஓட்டலாம். "ஆல்-சீசன்" வேறு, "ஆல்-வெதர்" வேறு, பெயரில் ஏமாறாதீங்க. வடக்கே பனி அதிகமான ஊர்களுக்கு அடிக்கடி போறவங்களுக்குத் தனி வின்டர் டயர்தான் சரி.

29/ ஓண்டாரியோவில் 2016 ஜனவரி 1 முதல் நாலு வின்டர் டயர் போட்டவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி தள்ளுபடி தந்தாகணும். சில சதவீதம்தான், ஆனா நாம கேட்காமல் கிடைக்காமல் போகலாம். டயர் ரசீதைப் பத்திரமா வெச்சு போன் போட்டுக் கேளுங்க. அலாய் போட்டதுக்கு எந்தத் தள்ளுபடியும் கிடையாது என்பதையும் கவனிங்க.

30/ "கறுப்பு ஸ்டீல் ரிம் பார்க்க ஒரு மாதிரி இருக்கே, கோவிலுக்கு, கல்யாணத்துக்குப் போனா நாலு பேர் பார்ப்பாங்களே" என்றும் சிலர் சொல்றாங்க. ஜனவரியில் இந்த ஊரில் எல்லார் காரும் உப்பு அப்பி ஒரே சாம்பல் நிறம்தான். உங்க அலாயின் பளபளப்பை யாரும் பார்க்கப்போறதில்லை. அலாயை ஏப்ரலில் மாட்டிக்குங்க, அக்டோபர் வரைக்கும் நல்லாப் பார்க்கட்டும்.

31/ ஆக, காசு செலவழிக்கும் வரிசை இதுதான். முதலில் நாலு நல்ல வின்டர் டயர். அடுத்து சரியான நட், வளையம், கடையில் மாட்டும் கூலி. அடுத்து காற்று அளக்கும் கேஜ், டார்க் ரெஞ்ச். இதெல்லாம் போக மிச்சம் இருந்தால் அலாயைப் பற்றி யோசிங்க. பெரும்பாலானவங்களுக்கு இந்தக் கணக்கு ஸ்டீலில் வந்து நிற்கும்.

32/ முதல் பனி விழுந்த மறுநாள் டயர் கடையில் இடம் கிடைக்காது. இந்த வாரமே நேரம் வாங்கிடுங்க. சந்தேகம் இருந்தால் கார் பெயர், வருஷம், இப்ப இருக்கும் டயர் அளவு மூன்றையும் கீழே எழுதிக் கேளுங்க. எனக்குத் தெரிந்ததைச் சொல்றேன், தெரிந்த மெக்கானிக் நண்பர்களும் இங்கே இருக்காங்க. புதுசா கனடா வந்த யாராவது உங்க வட்டத்தில் இருந்தால் இதை அவங்களுக்கு அனுப்புங்க.